பழியெல்லாம் தைராய்டுக்கா?

“எனக்குத் தைராய்டு இருக்கு டாக்டர், உடம்பு எங்க குறையப் போகுது?” கல்யாணப் பந்தியில், ஜவுளிக்கடை லிஃப்டில், என் கிளினிக்கில் என்று எங்கு போனாலும் இதே பாட்டு. சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்தான். இவருக்கு நாத்தனார் சொன்னார், நாத்தனாருக்கு யூடியூப் சொன்னது. சில வேளை எங்கள் ஆட்களே ரிப்போர்ட்டைப் பார்த்ததும் “தைராய்டும்மா, வெயிட் போடத்தான் செய்யும்” என்று முடித்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் முயற்சியே செய்யாமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் எடை கூடும் என்பது உண்மை. எவ்வளவு கூடும் என்பதில்தான் கதை கட்டுகிறார்கள். சுரப்பு நன்றாகவே குறைந்துபோனவருக்கும் அதன் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ. அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும்தான். ஹார்மோன் குறையும்போது, நீரைப் பிடித்து வைக்கிற ஒருவகைப் பொருள் தோலுக்கடியில் தேங்குகிறது. காலையில் முகம் உப்புவதும், மோதிரம் கழல மறுப்பதும் அதனால்.

2011-இல் டென்மார்க்கிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. சிறியதுதான், ஆனால் அளந்த விதம் எனக்குப் பிடிக்கும். தைராய்டு சுரப்பு குறையக் குறைய ரத்தத்தில் ஏறுகிற ஹார்மோன் டி.எஸ்.ஹெச். அதில் இருந்தவர்களின் சராசரி டி.எஸ்.ஹெச். 100-க்கும் மேல். நம் ஊரில் 6, 7 என்று வந்தாலே வீட்டில் அழுகிறார்கள், இது 100. ஓராண்டு தைராக்ஸின் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு அளவு சரியானபோது அவர்களுக்கு எடை குறைந்தது சராசரியாக 4 கிலோவுக்குச் சற்று மேல். குறைந்தது என்ன என்று பிரித்துப் பார்த்தால் நீர். கொழுப்பு அப்படியே இருந்தது.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். உயரத்துக்கேற்ற எடையைவிட 20 கிலோ கூடுதலாக இருக்கிறவர், டி.எஸ்.ஹெச். 6.5 என்று ரிப்போர்ட் கொண்டுவருகிறார். அவருடைய 20 கிலோவுக்கும் அந்த 6.5-க்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு, ஆனால் தலைகீழாக. உடம்பில் கொழுப்பு கூடும்போது டி.எஸ்.ஹெச். தானாகவே சற்று ஏறும். எடை குறைந்தால் பலருக்கு அது இறங்கியும் விடும். விளைவைக் காரணம் என்று காட்டிக் கையில் மாத்திரையைத் திணித்துவிட்டோம்.

டி.எஸ்.ஹெச். மட்டும் சற்று ஏறியிருக்கிற இந்த லேசான வகை நாட்டில் நிறைய. சென்னை உட்பட 8 நகரங்களில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு. அவர்களைத் தவிர இன்னும் 8 சதவீதம் பேருக்கு இந்த லேசான நிலை. மாத்திரை கொடுத்தால் இவர்கள் இளைப்பார்களா? ஐரோப்பாவில் 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் பார்த்தார்கள், 2017-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எடையிலோ இடுப்புச் சுற்றளவிலோ சோர்விலோ சொல்லும்படி வேறுபாடு இல்லை.

“அப்ப டோஸைக் கொஞ்சம் ஏத்திக் கொடுங்க” என்பது அடுத்த கோரிக்கை. தேவைக்கு மேல் தைராக்ஸின் போனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். எடை குறைக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்காவில் இந்த மாத்திரையின் குறிப்புத்தாளிலேயே கட்டம் கட்டி அச்சிடுகிறார்கள். இங்கே “மெட்டபாலிசம் பூஸ்டர்” என்று பொடி விற்கிறவர்கள் அதில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை.

எடையெல்லாம் தைராய்டால்தான் என்கிற இந்த வதந்தியின் பெரிய கேடு, உண்மையான காரணத்தைத் தேடவிடாமல் செய்வது. மூட்டுவலிக்கென்று மாதக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டு, சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலின், சில மனநல மருந்துகள், பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பைக் கோளாறு, குறட்டையோடு கெடும் தூக்கம் ஆகியவற்றைத் தைராய்டு என்ற ஒற்றைச் சொல் மூடி மறைத்துவிடுகிறது. டி.எஸ்.ஹெச். சரியான அளவில் நிற்கிறவரின் உடம்பு சக்தியை எரிப்பது ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். மூன்று வேளையும் அரிசி, ஆறு மணிக்கு முறுக்கு என்று போனால் யாருக்கு ஏறுமோ அவருக்கும் ஏறும். தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், முட்டை, மீனைக் கூட்டினால், நடையோடு கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் செய்தால், மற்றவர்களைப் போல அவருக்கும் குறையும்.

அடுத்து, தைராய்டு உள்ளவர்கள் தொடவே கூடாது என்று பயமுறுத்துகிற முட்டைக்கோஸ். 1928-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கோஸையே தின்று வளர்ந்த ஆய்வகத்து முயல்களுக்குத் தைராய்டு பெருத்துக் கழுத்து வீங்கியது. அன்று தொடங்கிய பயம். மனிதர்களில், தினம் ஒரு கிலோவுக்கு மேல் சீனக் கோஸைப் பச்சையாக மாதக்கணக்கில் தின்று, தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்து மயங்கி விழுந்த 88 வயதுப் பாட்டி ஒருவரைப் பற்றி 2010-இல் எழுதினார்கள். நீங்கள் தேங்காய்ப்பூ போட்டுச் செய்கிற ஒரு கரண்டிப் பொரியலில் ஒன்றும் ஆகாது, சாப்பிடுங்கள்.

கொத்தமல்லி விதை ஊறிய தண்ணீர் தைராய்டைக் கரைக்காது. இந்துப்பு தைராய்டுக்கு நல்லது என்பதும் வெறும் வியாபாரம். அயோடின் சேர்க்காத உப்பு எந்த நிறத்தில் இருந்தாலும் அயோடின் சேர்க்காத உப்புதான். மாத்திரை பழகிவிடும் என்று பயந்து பாதியில் நிறுத்துவது எல்லாவற்றையும்விட மோசம். ரிப்போர்ட் நார்மலாக வந்தது அந்த மாத்திரையால்தான். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட விடக் கூடாது.

மாத்திரை போடுகிற முறையைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்கு டோஸைக் கூட்ட வேண்டியிருக்காது என்பது என் அனுபவம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். பாட்டிலில் வருவதை அடுப்பங்கரை டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், சூடும் ஈரமும் அதைக் கெடுக்கும். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனை. அதற்கு முன் பார்ப்பது காசுக்குக் கேடு. முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ரிப்போர்ட் பொய் சொல்லும்.

எனக்கு உண்மையான ஆத்திரம் வேறு இடத்தில். மாஸ்டர் செக்கப் என்று நாற்பது வயதுக்காரர்களுக்கு ஆண்டுதோறும் டி.எஸ்.ஹெச். பார்க்கிற நாம், பிறந்த குழந்தைக்குப் பார்க்கிறோமா? நம் நாட்டில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் தைராய்டு குறைபாட்டோடு பிறக்கிறது. பெரும்பாலும் முகத்தில் எந்த அடையாளமும் தெரியாது. முதல் இரண்டு வாரத்துக்குள் அதே தைராக்ஸின் மாத்திரையைத் தொடங்கினால் மூளை நன்றாக வளரும். மாதக்கணக்கில் தவறவிட்டால் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. கனடாவின் கியூபெக்கில் 1970-களிலேயே எல்லாக் குழந்தைக்கும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் பிரசவம் நெருங்குகிறது என்றால், குழந்தைக்கு டி.எஸ்.ஹெச். எப்போது எடுப்பீர்கள் என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேளுங்கள். முடிவு வருமுன் டிஸ்சார்ஜ் செய்தால், எந்தத் தேதியில் வரும், யாரைக் கேட்க வேண்டும் என்பதை ஃபைலில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.