எந்த நாற்காலியில்?

கேள்வி: செய்தி நிறுவனங்களில் இப்போது நிறையப் பெண்கள் இருக்கிறார்களே, இன்னும் ஏன் சமத்துவம் என்கிறீர்கள்?

பதில்: எத்தனை பேர் என்பதல்ல, எந்த நாற்காலியில் என்பதே கேள்வி. 1960களில் அமெரிக்காவின் நியூஸ்வீக் இதழிலும் பெண்கள் நிறையவே இருந்தார்கள். தபால் பிரிக்க, ஆண்கள் எழுதியதைச் சரிபார்க்க. எழுதும் வேலை ஏறக்குறைய ஆண்களுக்கே. இத்தனைக்கும் அந்தப் பெண்கள் படிப்பில் குறைந்தவர்கள் அல்லர்! 1970 மார்ச் 16 அன்று, பெண்கள் எழுச்சி பற்றிய அட்டைக் கட்டுரையுடன் இதழ் வெளிவந்தது. அதை எழுத வெளியிலிருந்து ஒரு பெண்ணை அழைத்திருந்தார்கள். அன்றைக்கே அங்கே பணிபுரிந்த 46 பெண்கள் பாகுபாடு என்று அரசு ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். அபாரமான துணிச்சல். நிர்வாகம் வாக்குக் கொடுத்தது, காப்பாற்றவில்லை; 1972இல் மீண்டும் புகார். அவர்களில் ஒருவரான லின் போவிச், 1975இல் அங்கே முதல் பெண் மூத்த ஆசிரியரானார்.