குட்டையில் நீர் தங்கும் வகை

மழைக்காலத்தில் ஓடி வீணாகும் நீரைத் தேக்கி, பயிர் வாடுங்காலத்தில் பயன்படுத்தும்பொருட்டு நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டப்படுவது பண்ணைக்குட்டை. மானாவாரிப் பயிர் கதிர் பிடிக்கும் சமயத்தில் ஒரு தண்ணீர் கிடைத்தால் விளைவு உண்டு. கிடையாவிடின் அவ்வாண்டின் உழைப்பெல்லாம் பதராய்ப் போகும். அவ்வொரு தண்ணீருக்காகக் கடன்பட்டு வெட்டிய குட்டைகளுட் சில, மழை நின்ற சின்னாட்களில் வறண்டு கிடத்தலைக் காண்கிறோம். அந்நீர் எங்குச் சென்றது, அதனைத் தடுக்கும் வகை யாது என்பவற்றைச் சுருக்கமாக ஆராய்வோம்.

நோயை அறிந்த பின்னரன்றோ மருந்தைத் தேடல் வேண்டும்? குட்டை நீர் குறைவதற்கு வழிகள் இரண்டு. ஆவியாய் மேலே செல்லுதல் ஒன்று. மண்ணிற் கசிந்து கீழே செல்லுதல் மற்றொன்று. இவற்றைப் பிரித்தறிய ஒரு வாளியே போதும். வாளியிற் குட்டை நீரை நிரப்பி, அதன் பெரும்பகுதி நீருள் அமிழ்ந்திருக்குமாறு குட்டையின் ஓரத்தில் அசையாமல் நிறுத்துக. வாளியின் மட்டத்தையும் குட்டையின் மட்டத்தையும் குறித்துக்கொள்க. மழையின்றியும், நீர் இறைக்காமலும் மூன்று நாள் சென்றபின் பார்க்க. வாளியில் 2 செ.மீ.யும் குட்டையில் 8 செ.மீ.யும் குறைந்திருப்பின், முன்னது வெயில் குடித்தது. எஞ்சிய 6 செ.மீ. மண் குடித்தது. நீர்ப்பரப்பு 20 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையதாயின், கசிந்தது 24,000 லிட்டர். அதாவது நாளொன்றுக்கு 8,000 லிட்டர்.

கசியும் இடத்தையும் நீரே காட்டும். விரைந்து குறைந்த நீர் ஒரு மட்டத்தில் நின்றுவிடின், பழுது அம்மட்டத்திற்கு மேலே கரையில் உள்ளது. நண்டு வளை, எலி வளை, மக்கிய வேர் ஆகியவற்றை ஆங்குத் தேடுக. வற்றுமளவும் நில்லாது குறையின், தரையே நீரை விடுகிறதென்று கொள்க.

தரை நீரை விடுவதேன்? நீர் மணலினூடே செல்லும் விதத்தை ஆராய்ந்து, பிரான்சு தேசத்துப் பொறியாளர் ஆன்றி டார்சி 1856ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டார். நீரின் அழுத்தம் மிகுந்தால் ஓட்டம் மிகும். கடக்க வேண்டிய மண்ணின் தடிப்பு மிகுந்தால் ஓட்டம் குறையும். மண்ணின் இயல்புக்கேற்பவும் அது வேறுபடும் என்பது அதன் சாரம். களிமண் துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது, ஆதலின் அதன் இடைவெளிகள் மிக நுண்ணியவை. ஆயினும், களிமண் கட்டி கட்டியாகக் கிடப்பின் கட்டிகளின் இடுக்கு வழியே நீர் தடையின்றி ஓடும். களிமண் இருத்தல் மட்டும் போதாது. கட்டி குலைந்து துகளோடு துகள் நெருங்க வேண்டும்.

இது நம் உழவர் அறியாததன்று. நெல் வயலிற் சேறடிப்பதன் பயன்களுள் ஒன்று நீர் கீழிறங்காமற் காப்பதேயாம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் கால்வாய்கள் அமைத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி என்பாரும் நீர் விட்டுக் குழைத்த களிமண்ணாலேயே அவற்றின் கசிவை அடைத்தார்.

ஆகவே, குட்டை வற்றியபின் கல், புல், வேர் ஆகியவற்றை நீக்கி, வளைகளைத் தோண்டிக் களிமண் இட்டு இடித்து அடைக்க. களி குறைந்த தரையாயின், களிப்பு மிக்க மண்ணைக் கொணர்ந்து 15 செ.மீ. தடிப்பிற் பரப்புக. பிடித்தால் உருண்டையாக நிற்கவும், பிழிந்தால் நீர் சொட்டாமலும் இருப்பதே தக்க ஈரப்பதம். அப்பதத்தில் உருளை கொண்டு அழுத்தி, அதன்மேல் மற்றொரு படலம் பரப்பி மீண்டும் அழுத்துக. மூன்று மீட்டர் ஆழம் வரையுள்ள நீருக்கு, அழுத்தியபின் 30 செ.மீ. தடிப்புத் தேவை. பக்கச் சரிவுகளையும் இவ்வாறே செய்தல் வேண்டும்.

எச்சரிக்கைகளும் உள. அழுத்திய களி, சிறப்பாகக் கரிசல் மண், உலர்ந்தால் வெடிக்கும். ஆதலின் மேலே சரளையோ வேறு மண்ணோ பரப்பிக் காத்தல் நன்று. உப்பிட்டுக் கசிவை அடைக்கும் முறையும் உண்டு. ஆயினும் பாசன நீரில் உப்பேறினால் பயிர் கெடும். களி கிடைக்காத மணற்பாங்கான இடத்திற்குப் பிளாஸ்டிக் விரிப்புத் தக்கது. அதற்கு வெயிலும், கூரிய கல்லும், கால்நடையின் குளம்பும் பகை.

இறுதியாக ஒன்று சிந்திக்கற்பாலது. கசிவெல்லாம் இழப்பன்று. கிணற்றுக்கு ஊற்றுப் பெருக வேண்டி அமைத்த கசிவுநீர்க் குட்டையை அடைப்பது கிணற்றின் வாயை அடைப்பதற்கு ஒப்பாகும். மேலே நின்று பயிரைக் காக்க வேண்டிய நீர் எது, கீழே சென்று கிணற்றைக் காக்க வேண்டிய நீர் எது என்று தெளிந்த பின்னரே மண்வெட்டியை எடுத்தல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணாக்கர், தம் தந்தையார் குட்டையில் அவ்வாளியை ஒருமுறை நிறுத்திப் பார்ப்பாராக. செலவில்லாத அச்சோதனை, பெருஞ்செலவொன்றைத் தவிர்க்கவும் கூடும்.