பரண்மேல் கிடக்கும் வரலாறு
(போடி மலைச்சரிவின் பழைய நிழற்படங்களும் பொருள்களும்)

முன்னுரை

ஓர் ஊரின் வரலாறு மன்னர்தம் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் மட்டும் உறைவதன்று. வீட்டுச் சுவரில் தொங்கும் மங்கிய நிழற்படமும், கடை மூலையில் துருவேறிக் கிடக்கும் தராசும் அவ்வரலாற்றின் ஏடுகளே ஆகும். மேனாட்டார் இதனை முன்னரே உணர்ந்தனர். இங்கிலாந்தின் வார்விக்சயர் வட்டாரத்தில் 1890-களில் நிழற்படக் கலைஞர் பலர் ஒன்றுகூடித் தம் பகுதியின் பழங்கட்டடங்களைப் படமெடுத்துத் தொகுக்கத் தலைப்பட்டனர். 1897-இல் சர் பெஞ்சமின் ஸ்டோன் என்பார் நாடு முழுமைக்குமாக ஒரு நிழற்படப் பதிவுச் சங்கத்தை நிறுவினார்.

நம் நாட்டில் அதற்கும் முன்னரே, 1858-இல், லின்னேயஸ் டிரைப் என்னும் படை அலுவலர் மதுரையைப் படமெடுத்தார். ஆயினும் அவை அரசின் பொருட்டு எடுக்கப்பட்டவை. ஊரார் தம் ஊரின் பொருட்டுத் தொகுக்கும் பணி நம்மிடையே இன்னும் முழுமை பெறவில்லை. போடிநாயக்கனூரையும் போடிமெட்டுச் சரிவையும் சான்றாகக் கொண்டு அப்பணியின் முறையையும் தேவையையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தின் காலம் அறிதல்

பழம்படங்கள் பலவற்றில் ஆண்டு குறிக்கப்பெறுவதில்லை. ஆயின் படத்திலுள்ள பொருளே காலத்தைக் கூறிவிடும். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து மலைநிலத்தைக் குத்தகையாகப் பெற்றபின் மூணாற்றுப் பகுதியில் தோட்டங்கள் பெருகின. அங்கு விளைந்த தேயிலையைக் கீழே கொணர்வது பெருஞ்சிக்கலாயிற்று. இதன்பொருட்டு 1902-இல் குண்டலைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. வண்டியின் ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் மற்றொன்று தரையிலும் உருள, மாடுகள் அதனை இழுத்தன. 1908-இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பெற்று நீராவி எஞ்சின் ஓடியது. 1924 ஜூலையில் பெய்த பெருமழை அப்பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை.

இக்குறிப்புகளைக் கொண்டு நோக்கின், மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியைக் காட்டும் படம் 1902-க்கும் 1908-க்கும் இடைப்பட்டது. எஞ்சினைக் காட்டும் படம் 1908-க்கும் 1924-க்கும் இடைப்பட்டது எனத் துணியலாம்.

மலைமேல் வந்து சேர்ந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தி வழியே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டிகள் அவற்றைப் போடிக்குக் கொணர்ந்தன. இன்று அம்மலையில் இரயிலும் இல்லை, கம்பிவடமும் இல்லை. ‘டாப் ஸ்டேஷன்’ என்னும் பெயர் மட்டும் நிற்கிறது. ஊர்ப்பெயரும் ஒரு தொல்பொருளே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மதுரை – போடி இருப்புப்பாதை 1928-இல் திறக்கப்பெற்றது. மீட்டர் பாதையில் 2010 இறுதிவரை வண்டி ஓடியது. அகலப்பாதையில் 2023 ஜூனில் போடிக்கு மீண்டும் இரயில் வந்தது. எனவே பழைய நிலையத்தின் முன் எடுத்துக்கொண்ட குடும்பப் படமொன்று எவர் வீட்டில் இருப்பினும், அது ஊருக்கும் உரிய சான்றாகும்.

பொருள்கள் பேசும் செய்தி

போடியின் வாழ்வு ஏலக்காயோடு பிணைந்தது. ‘ஏலம்’ என்னும் சொல் நறுமணப் பொருளையும் குறிக்கும். விலை கூறி விற்றலையும் குறிக்கும். முன்னது பழந்தமிழ்ச் சொல். பின்னது போர்ச்சுகீசியர் வழியே வந்தது. அதன் வேர் அரபுமொழியில் உள்ளது என்பர். இருவேறு வழியில் வந்த இரண்டும் போடியின் ஏலக் கூடத்தில் ஒன்றாயின. 2007-இல் மின்னணு ஏலம் புகுந்தபின், வணிகர் வாய்விட்டு விலை கூறிய காட்சி மறைந்தது. அதனைக் காட்டும் படங்கள் இனிப் புதிதாகத் தோன்றப் போவதில்லை.

காயின் பருமனைப் பிரிக்கும் சல்லடை, மூடைக்குக் குறியிடும் தகடு, கம்பளி, பேரேடு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தொழிலின் சுவடு. பேரேட்டில் ரூபாய், அணா, பைசா எனக் கணக்கு இருப்பின், 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருமுன் அது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். கடைத்தாளில் ‘மதுரை ஜில்லா’ என்றிருந்தால் தேனி மாவட்டம் தோன்றுமுன் அச்சிட்டது.

எவருடைய வரலாறு?

2004-இல் மூணாற்றில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்றது. குண்டலை இரயில் எஞ்சினின் சக்கரம் அங்கு உள்ளது. நாசரேத் கைத்தொழிற்பள்ளியில் 1913-இல் செய்யப்பெற்ற சூரியக் கடிகாரமும் உள்ளது. தென்கோடித் தமிழ்க் கைவினைஞரின் உழைப்பு மலையுச்சியில் போற்றப்படுவது மகிழ்ச்சிக்குரியது. தோட்ட நிறுவனத்தின் பொருள்களுக்கு இவ்வாறு ஓர் இல்லம் வாய்த்தது. கொட்டகுடிச் சாலையில் வண்டியோட்டியவர், தலைச்சுமையாய் மூடை இறக்கியவர், கிட்டங்கியில் அமர்ந்து காய் பொறுக்கிய பெண்டிர் ஆகியோரின் பொருள்களுக்கு வீட்டுப் பரணே காப்பகம்.

துரைமார் நிற்கும் படங்களில் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். அருகில் நிற்கும் தொழிலாளர் ‘கூலிகள்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுவர். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அடங்கின. போடிமெட்டு எல்லையாயிற்று. மலைமேல் உழைத்தவரின் ஆவணம் ஒரு மாநிலத்திலும், அவர்தம் உறவும் நினைவும் மற்றொரு மாநிலத்திலுமாகப் பிரிந்தன. அப்பெயர்களை இன்று மீட்காவிடில், அறிந்து சொல்வார் நாளை இரார்.

மாணவர் கடமை

மாணவர்கள் தத்தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். படத்தைப் பெரியோரிடம் காட்டி, இருப்பவர் யார், இடம் எது, எடுத்த காலம் எது, எவரிடமிருந்து வந்தது என வினவி எழுதுக. விடையைப் படத்தின் பின்புறம் மைப்பேனாவால் எழுதுதல் கூடாது. மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். தனித்தாளில் எழுதி எண்ணிடுக. சட்டத்தில் ஒட்டிய படத்தை உரிக்காமல், உள்ளவாறே நகலெடுத்து, மூலத்தை உரியவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். கேள்விச் செய்தியையும் கண்ட செய்தியையும் வேறுபடுத்திக் குறித்தல் ஆய்வு நேர்மையாகும்.

புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தியமை நமக்கு நல்லதொரு முன்மாதிரி.

முடிவுரை

வீடு புதுக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பேரேடு எடைக்குப் போகிறது. படம் குப்பைக்குப் போகிறது. ஊர்ப் பெரியோர் அவற்றை வீசுமுன் ஒருமுறை கல்லூரி மாணவரிடம் காட்டுதல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் இவ்விடுமுறையில் ஒரு படத்திற்கேனும் பெயர் சூட்டித் திரும்புவாராயின், மலைச்சரிவின் வரலாறு அதனை நடந்து கடந்தவர்தம் பெயரோடு எழுதப்பெறும்.