கைக்காசு செலவில்லாமல் கண்டங்கள் ஏழு!

பரீட்சை நெருங்கினால் உலக உருண்டை வேண்டும், சார்ட் வேண்டும் என்று பிள்ளைகள் பட்டியலை நீட்டிவிடுவார்கள். எப்போதும்வென்றான் மாதிரி கரிசல்காட்டு ஊரில் இருக்கிற நமக்கு அந்தச் செலவு எதற்கு? வேண்டியதெல்லாம் அடுக்களையிலும் புஞ்சையிலும் கிடக்கிறது.

1. கோவில்பட்டிப் பக்கம் மருந்து முக்காத தீக்குச்சிக்குப் பஞ்சமில்லை. ஒரு குச்சிக்கு 10 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து ஆசியாவுக்கு 44, ஆப்பிரிக்காவுக்கு 30, வட அமெரிக்காவுக்கு 24, தென் அமெரிக்காவுக்கு 18, அண்டார்டிகாவுக்கு 14, ஐரோப்பாவுக்கு 10, ஆஸ்திரேலியாவுக்கு 8 என்று ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவையுங்கள். இந்தியாவுக்கு எத்தனை என்று கேட்டால், ஆசியாக் கட்டிலிருந்து மூன்றே மூன்று குச்சியை உருவிக் காட்டுங்கள். பரப்பளவு இனி மறக்காது.

2. அதே குச்சிகளை வைத்து இன்னொரு வேலையும் முடிக்கலாம். சுவர்ப்படத்தில் கிரீன்லாந்தைப் பார்த்தால் ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் கிரீன்லாந்துக்கு இரண்டு குச்சிதான், ஆப்பிரிக்காவுக்கு முப்பது. மாலுமிகள் திசை பிடிக்க 1569-ல் மெர்கேட்டர் என்பவர் போட்ட முறை அது. துருவத்துப் பக்கம் போகப் போக நிலத்தை ஊதிப் பெருக்கிக் காட்டும்.

3. காலித் தீப்பெட்டி பத்து எடுத்து ஏழில் நீலத்தாள் ஒட்டிவிடுங்கள். பூமியின் மேற்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு கடல் என்பது ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

4. எந்தக் கண்டத்தில் என்ன என்று மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், பிள்ளையைச் சமையலறைக்குக் கூப்பிடுங்கள். மிளகாய் வத்தலும் மக்காச்சோளமும் மெக்சிகோப் பக்கம் பிறந்தவை, அது வட அமெரிக்கா (பல பிள்ளைகள் தென் அமெரிக்கா என்று எழுதி மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்). நிலக்கடலையும் உருளைக்கிழங்கும் தென் அமெரிக்கா; கம்பு, சோளம், புளி மூன்றும் ஆப்பிரிக்கா; உளுந்தும் பாசிப்பயறும் நம் ஆசியா; முட்டைக்கோஸ் ஐரோப்பா. சளிக்குத் தேய்க்கும் யூகலிப்டஸ் தைலம் ஆஸ்திரேலியா மரத்திலிருந்து வருகிறது. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் நமக்கு மிளகாயே தெரியும். அதுவரை குழம்புக்குக் காரம் கொடுத்தது மிளகும் திப்பிலியும்தான்.

5. கடலைமிட்டாய் வாங்கித் தரும்போதும் பாடத்தை ஒட்டவைத்துவிடலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அதிலுள்ள கடலையின் பூர்வீகம் தென் அமெரிக்கா. இதைச் சொல்லிவிட்டு மிட்டாயைக் கொடுங்கள், பாடம் கசக்காது.

6. காட்டுக்குப் போகிற வழியில் சீமைக்கருவேலத்தைக் காட்டுங்கள், அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பருத்தியில் கருங்கண்ணி நம் ஆசிய இனம். இன்று கடைக்கு வருகிற நீள இழைப் பருத்தியில் பெரும்பாலானவை அமெரிக்க இனத்து வழி வந்தவை.

7. பனிக்காலத்தில் சோளக்காட்டுக்கு மேலே கூட்டம் கூட்டமாகச் சுழலும் சூறைக்குருவியைக் கவனித்திருப்பீர்கள். கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து இறங்குகிறவை அவை. இரண்டு கண்டத்தையும் கடல் முழுசாகப் பிரிக்கவில்லை என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது: பங்காளி புஞ்சைக்கு நடுவில் வரப்பு கிடக்கிற மாதிரி யூரல் மலை கிடக்கிறது, அவ்வளவுதான்.

8. மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு மெல்போர்ன் டெஸ்ட் பார்க்கிற வீடா? ஆட்டக்காரர்கள் வெயிலுக்குத் தொப்பி போட்டிருப்பதைக் காட்டி, பூமத்திய ரேகைக்குத் தெற்கே டிசம்பர்தான் கோடை என்று சொல்லிவிடுங்கள். டிவி ஓடுகிற செலவாவது உருப்படியாகும்.

9. அந்த ரேகை நமக்கு எவ்வளவு தூரம் என்பது மனக்கணக்கு. நம் ஊர் ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருக்கிறது, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் ஆயிரம்.

10. அண்டார்டிகா மட்டும் பிள்ளைகளுக்குப் பிடிபடாது, அங்கே சொந்தக்காரர் யாருமில்லை பாருங்கள். வாசலில் தெற்கே பார்த்து நிற்கச் சொல்லுங்கள். திருச்செந்தூர்ப் பக்கம் கடலில் இறங்கி நேர்கோடாகப் போனால், நடுவில் எந்தக் கண்டமும் குறுக்கிடாமல் சுமார் 8,700 கிலோமீட்டரில் அண்டார்டிகாவின் கரை வந்துவிடும். அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கேதான் 2012-ல் இந்தியா திறந்த ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் பெயர் பாரதி! எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு இது மறக்குமா? 1989-லிருந்து நடக்கும் மைத்ரி நிலையத்தையும் கூடவே சொல்லிவையுங்கள், ஒரு மதிப்பெண் கேள்வி நிச்சயம்.

11. ஹாக்கி ஊரான கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: கண்டம் ஏழு என்றால் ஒலிம்பிக் வளையம் ஏன் ஐந்து? அங்கே இரண்டு அமெரிக்காவையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். ஆள் குடியில்லாத அண்டார்டிகாவைச் சேர்ப்பதில்லை.

12. துபாய், சவுதி, சிங்கப்பூர், மலேசியா என்று உறவினர் இருக்கிற ஊர்களைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். எல்லாமே ஆசியாதான் என்று தெரியும்போது பெரியவர்களே திகைப்பார்கள். லண்டன் அத்தை ஒருவர் இருந்தால்தான் கண்டம் மாறும்.

13. நான்குவழிச் சாலையில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியைக் காட்டி, அந்தச் சரக்கு ஐரோப்பாவுக்கு எப்படிப் போகும் என்று கேளுங்கள். 1869-ல் திறந்த சூயஸ் கால்வாய் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் பிரித்து வழி விட்டது; அதற்கு முன் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றின.

14. வரைபடப் பயிற்சிக்குத் தாள் தாளாக நகல் எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். பழைய தினசரிக் காலண்டர் அட்டையில் ஒரேயொரு வெற்று உலகப்படத்தை ஒட்டி, மேலே சேலை வந்த பிளாஸ்டிக் கவரைப் போட்டுவிடுங்கள். ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதி, துணியால் துடைத்து, அண்ணன் முடித்ததும் தங்கைக்குக் கொடுக்கலாம். படத்தை மட்டும் மறக்காமல் வடக்கு மேலே இருக்கும்படி ஒட்டுங்கள்.