எலும்பு மென்மையாம், இம்ப்ளான்ட் நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 58. மேல்தாடைக் கடைவாய்ப்பல் இரண்டை எடுத்து ஆறு வருடமாகிறது. இம்ப்ளான்ட் வைக்கப் போனால், ஸ்கேன் பார்த்த டாக்டர் ‘எலும்பு மென்மையாக இருக்கிறது, திருகு வைத்து ஆறு மாதம் கழித்துத்தான் பல் பொருத்துவேன்’ என்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கீழ்த்தாடையில் உடனே பொருத்திவிட்டார்கள். இடுப்பெலும்பு பலவீனத்துக்கு வருடம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன். இவ்வளவு செலவழித்து வைக்கிற பல் ஆடி விழுந்துவிடுமோ?
– கே. ஆர்., சதுரங்கப்பட்டினம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. மென்மையான எலும்பிலும் இம்ப்ளான்ட் நிற்கும், அவசரப்பட்டால்தான் ஆபத்து. உங்கள் டாக்டர் நிதானமானவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாடை எலும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கீழ்த்தாடையின் முன்பக்கம் கெட்டி. மேல்தாடையின் பின்பக்கம் வெளி ஓடு மெல்லியது, உள்ளே துளைகள் அதிகம். உங்களுக்குப் பல் போனது அங்கேதான். ஆறு வருடம் மெல்லாமல் கிடந்ததில் எலும்பு இன்னும் கரைந்திருக்கும்.

நம் கடற்கரை மணலில் நட்ட சவுக்குக் கம்பு, களிமண்ணில் நட்டதைப்போல் அன்றைக்கே இறுகி நிற்காது. திருகும் அப்படித்தான். ஆனால் முதல் நாள் பிடிப்போடு கதை முடிவதில்லை. டைட்டானியத்தோடு எலும்பே வளர்ந்து பிணைந்துகொள்ளும். அதைக் கண்டறிந்த ஸ்வீடன் மருத்துவர் பிரானமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தார். அந்தப் பிணைப்பு வர மாதங்கள் ஆகும். நடுவில், மூன்று நான்கு வாரத்தில், முதல் பிடிப்பு தளர்ந்திருக்கும், புது எலும்பு போதுமான அளவு வளர்ந்திருக்காது. அப்போது பல்லை வைத்துக் கடித்தால் திருகு அசையும். எலும்பு சேர வேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்துவிடும். உங்களைக் காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மென்மையான எலும்பில் துளையைச் சற்றுக் குறுகலாகப் போட்டு, எலும்பை நெருக்கித் திருகை இறக்குவார்கள். பல் பொருத்தும் முன் ஐஎஸ்க்யூ (திருகின் உறுதியை 1 முதல் 100 வரை காட்டும் அளவு) எவ்வளவு என்று கேளுங்கள். 70-ஐத் தாண்டினால் நிம்மதி. 60-க்குக் கீழே என்றால் இன்னும் பொறுக்கலாம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஊசிதான் எனக்கு முக்கியம். எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) இருப்பதாலேயே இம்ப்ளான்ட் கூடாது என்பதில்லை. இடுப்பு ஸ்கேனை வைத்துத் தாடையை முடிவுசெய்யவும் முடியாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை போடுவது பெரும்பாலும் சோலெட்ரானிக் அமிலமாக இருக்கும். அதைப் போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தாடையில் அறுவை செய்தால், அரிதாக, புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும்படி ஆகிவிடுவதுண்டு. பல் டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் ஊசிச் சீட்டை நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக ஊசியை நிறுத்த வேண்டாம். அதை எலும்பு டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். இன்னொருவர் கருத்தும் வேண்டுமென்றால் மேல்மருவத்தூரிலும் காட்டாங்கொளத்தூரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஸ்கேனையும் சீட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.