கண்ணாடிக்குள் ஒலி எங்கே போகிறது?

மாணவர்களே, வெறும் கண்ணாடிக் குவளை ஒன்றைக் கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். ‘டிங்’ என்று ஒலித்து, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அந்த ஆற்றல் அழிந்துவிடவில்லை. ஒரு பகுதி காற்றில் பரவுகிறது. இன்னொரு பகுதி கண்ணாடிக்குள்ளேயே வெப்பமாகிறது. ஒலி இப்படி வலுவிழப்பதை ‘ஒலித் தணிவு’ என்கிறோம்.

இதில் அணுக்களின் பங்கு என்ன? குவார்ட்ஸ் படிகமும் சிலிக்கா கண்ணாடியும் ஒரே பொருளால் ஆனவை: சிலிக்கான் டைஆக்சைடு. படிகத்தின் அணுக்கள் சபைக்கூடலில் நிற்கும் உங்களைப் போல வரிசையாக இருக்கும். ஒலியலை வந்தால் எல்லாம் ஒரே சீராக அசைந்து அதை அடுத்த வரிசைக்குக் கடத்தும். கண்ணாடியின் அணுக்களோ தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் திரளும் கூட்டம் போல ஒழுங்கின்றி இருக்கும். பின்னாலிருந்து தள்ளினால் சிலர் முன்னேயும் சிலர் பக்கவாட்டிலும் நகர்வார்கள் அல்லவா? அணுக்களும் அப்படியே சிதறி அசைகின்றன. அலையின் ஆற்றல் தாறுமாறான அதிர்வுகளாகப் பிரிகிறது. அதுவே வெப்பம்.

இதற்குச் சான்று உண்டா? உண்டு. இத்தகைய திடப்பொருள்களில் வெப்பத்தைச் சுமப்பவையும் அணு அதிர்வலைகளே. அறை வெப்பநிலையில் குவார்ட்ஸ் படிகத்தின் வெப்பக் கடத்துதிறன் திசையைப் பொறுத்து சுமார் 6 முதல் 11 அலகு. சிலிக்கா கண்ணாடிக்குச் சுமார் 1.4 மட்டுமே. (அலகு: வாட்/மீட்டர்·கெல்வின்)

அப்படியானால் குவளை ஏன் ஒலிக்கிறது? நாம் கேட்கும் ஒலியின் அலை மிக நீளமானது. கோடிக்கணக்கான அணுக்களைத் தாண்டும்போது சிறு ஒழுங்கின்மைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அதிர்வெண் கூடக் கூடத் தணிவும் கூடும்.

இது நம் பினாங்குக்கும் பொருந்தும். சென்னை, கொச்சி போன்ற நகரங்களிலிருந்து வரும் கடலடிக் கேபிள்கள் இங்கே கரையேறுகின்றன. அவற்றுக்குள் இருப்பது சிலிக்கா கண்ணாடி இழை. அதில் செல்லும் ஒளி, நொடிக்குச் சுமார் 1,100 கோடி முறை அதிரும் ஒலியலையோடு மோதி, சிறிதளவு பின்னோக்கித் திரும்புகிறது. ஒளி வலுவானால் அந்த ஒலியும் வலுப்பெற்று மேலும் ஒளியைத் திருப்பும். ஆனால் கண்ணாடி அந்த ஒலியைச் சுமார் 10 நானோ நொடிகளுக்குள் அடக்கிவிடுகிறது. ஒலி நீடித்திருந்தால் இழப்பு இன்னும் அதிகமாகியிருக்கும். கண்ணாடி ஒலியை விழுங்குவது இங்கே குறையல்ல, உதவி!

சிந்திக்க: குவளையின் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டு தட்டுங்கள். ஒலி உடனே நிற்கும். இப்போது ஆற்றலை வாங்கிக்கொண்டது கண்ணாடியா, விரலா?