‘சாகட்டும்னு நான் நினைக்கலையே!’

‘அந்தக் காலத்தில் தலைக்குத் தலைதான்!’

ஊரில் வெட்டுக்குத்து நடந்தால் மறுநாள் டீக்கடையில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். உத்திரமேரூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டையே சாட்சிக்கு இழுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டு பேசுவது வேறு. பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது அது. குடவோலையில் யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக்கூடாது என்பதே அதன் விஷயம். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் வாரியத்துக்கு வரக்கூடாது, மகாபாதகம் செய்தவன் வரக்கூடாது என்று அது சொல்கிறது. கொலைக்கு என்ன தண்டனை என்று அதில் தேடினால் கிடைக்காது.

சோழர் காலத்துக் கொலை வழக்குகளைப் படிக்க வேறு கோயில்களுக்குப் போகவேண்டும். வேட்டைக்குப் போனவன் விலங்குக்கு விட்ட அம்பு ஆள்மேல் பாய்ந்துவிட்ட சம்பவங்கள் பழைய தென்னார்க்காடு, வடார்க்காடு பக்கத்துக் கல்வெட்டுகளில் வருகின்றன. நாட்டார் கூடிப் பேசுகிறார்கள். குறி தவறியதால் வந்த சாவு இது, இவன் சாகவேண்டியதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். கோயிலில் நந்தா விளக்கு எரிய இவன் ஆடோ மாடோ கொடுக்கவேண்டும். விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு என்பது பரவலாக இருந்த கணக்கு.

திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பைக் கல்வெட்டு ஒன்று இதைவிட நுட்பமானது. வரி கேட்டு வந்த அதிகாரி, தான் வரி கட்டவேண்டியவள் அல்ல என்று சொன்ன பெண்ணைச் சோதனைக்கு உட்படுத்துகிறான். அவள் நஞ்சு குடித்துச் செத்துப்போகிறாள். அவன் கை அவள்மேல் படவில்லை. ஆனாலும் கூடிய சபை பொறுப்பு அவனுடையது என்கிறது. விளக்கெரிக்க 32 காசு கட்டுகிறான். செத்தவள் வீட்டுக்கு ஏதாவது கிடைத்ததா என்பது வேறு கதை. ஆக, தெரிந்து கொன்றவனையும் தெரியாமல் சாவுக்குக் காரணமானவனையும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை நமக்கு வெள்ளைக்காரன் வந்து கற்றுத்தரவில்லை.

‘செத்தா 302, அவ்வளவுதான்!’

2024 ஜூலை 1 முதல் 302 என்பது கொலைக்கான பிரிவே அல்ல. அன்று அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த எண் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்குப் போய்விட்டது. கொலைக்குத் தண்டனை 103 ஆம் பிரிவில்: மரணம் அல்லது ஆயுள். அதற்குக் கீழே கிடையாது. பழைய 304-இன் இடத்தில் 105. ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’ என்று பத்திரிகைகள் எழுதுகிற குற்றம் இதுதான். இதிலும் எண்ணத்தோடு செய்தால் ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு. சாவு நேரலாம் என்று தெரிந்து மட்டும் செய்திருந்தால் 10 ஆண்டு வரை. அஜாக்கிரதையால் வந்த சாவுக்கு 106, 5 ஆண்டு வரை. பழைய 304ஏ-யில் இது 2 ஆண்டாக இருந்தது.

சம்பவம் நடந்த தேதிதான் கணக்கு என்பதால் பழைய வழக்குகள் பழைய எண்ணிலேயே ஓடுகின்றன. கோர்ட் வாசலில் இன்னும் பல வருஷம் 302 காதில் விழும்.

‘சாகணும்னு நினைக்கலை, அதனால் கொலை இல்லை’

இதுதான் ஊரை அதிகம் ஏமாற்றுகிற நம்பிக்கை. 1958-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விர்சா சிங் வழக்கில் இருந்தது வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து. கொல்லும் எண்ணம் நிரூபணமாகவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. அந்தக் காயத்தை அந்த இடத்தில் ஏற்படுத்த நினைத்தானா, அந்தக் காயம் இயல்பாகவே உயிரைப் போக்கக்கூடியதா, இந்த இரண்டும் போதும் என்றார் நீதிபதி விவியன் போஸ். ‘ஒரு வெட்டுதானே வெட்டினேன்’ என்பதற்கு அறுபது வருஷத்துக்கு மேலாக இதே பதில்தான். எங்கே வெட்டினாய், எதைக்கொண்டு வெட்டினாய் என்று போஸ்ட்மார்ட்டம் அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வி வரும்.

‘கோபத்தில் செய்தது, விட்டுவிடுவார்கள்’

விட மாட்டார்கள், கொலையிலிருந்து கீழே இறக்கக்கூடும். அதற்கும் நிபந்தனை உண்டு. ஏரிக்கால்வாயில் மடை திறப்பதில் இருவருக்குள் வாய்ச்சண்டை முற்றி, கையிலிருந்த மண்வெட்டியாலேயே ஒருவன் அடித்துவிடுகிறான் என்று வையுங்கள். முன்திட்டம் இல்லாத திடீர்ச் சண்டை என்று 105-க்கு வாதாட இடமிருக்கிறது. அவனே வீட்டுக்குப் போய், அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் அந்த இடம் போய்விடுகிறது.

நானாவதி வழக்கு இதற்கு நல்ல பாடம். மனைவி தன் காதல் உறவைப் பற்றிய உண்மையைச் சொன்ன பிறகு அந்தக் கடற்படை அதிகாரி குடும்பத்தை சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டார், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினார், பிறகு போய் அந்தக் காதலனைச் சுட்டார். இடையில் சுமார் மூன்று மணி நேரம். ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றமில்லை என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். ஆனால் 1961-இல் உச்ச நீதிமன்றம் கொலை என்றே உறுதி செய்தது. கோபம் ஆற நேரம் கிடைத்தது என்பது அதன் கணக்கு.

கோபம் என்றால் ஒரு நிமிஷத்தில் பொங்குவது மட்டுமா என்ற கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றம் 1989-இல் எதிர்கொண்டது. கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து, பிள்ளைகள் இறக்க, தான் மட்டும் பிழைத்துவிட்ட ஒரு தாயின் வழக்கு அது. சட்டத்தின் எழுத்துப்படி அது கொலை. நீதிமன்றமோ நம் தெருக்கூத்து மேடைகள் நன்றாக அறிந்த நல்லதங்காளை நினைவுகூர்ந்து, வருஷக்கணக்காகச் சேர்ந்த கொடுமையும் ஆத்திரமூட்டல்தான் என்று கொலையாகாத மரணமாக இறக்கியது. என் பார்வையில் தமிழ்நாட்டிலிருந்து குற்றவியல் சட்டத்துக்குப் போன மிக மனிதத்தன்மையுள்ள சிந்தனைகளில் இது ஒன்று. இருந்தும் அது எல்லா வழக்குக்கும் தானாகக் கிடைக்கும் சலுகை அல்ல.

‘போதையில் செய்தான், ஒன்றும் தெரியாது’

தானே குடித்தவனுக்கு, குடிக்காதவனுக்கு இருந்திருக்கும் அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1956-இல் பாஸ்தேவ் வழக்கு: கல்யாண வீட்டில் இடம்விட்டு நகரவில்லை என்று ஒரு பையனைச் சுட்ட முன்னாள் ராணுவக்காரர். போதை காரணமாகக் குற்றத்தைக் குறைக்க மறுத்துவிட்டது உச்ச நீதிமன்றம்.

‘லாரி ஏறினால் விபத்து கேஸ்தான்’

பெரும்பாலும் அப்படித்தான், 106. ஜாமீனும் சுலபம். ஆனால் மும்பையில் 2006-இல் குடித்துவிட்டு ஓட்டி, நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளிகளைக் கொன்ற வழக்கில் விபத்துப் பிரிவோடு நிற்காமல், கொலையாகாத மரணம் என்ற குற்றத்தையே 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எம்-சாண்ட் டிப்பர்கள் ஓடும் நம் சாலைகளில் இது தெரிந்திருக்கவேண்டிய தீர்ப்பு. இடித்துவிட்டு ஓடினால் 10 ஆண்டு என்ற பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்களே, அந்த 106(2) மட்டும் ஜூலையில் மற்றவற்றோடு அமலுக்கு வரவில்லை.

‘என் நிலம், என் வேலி’

காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுப்பவர்கள் கவனிக்க. பீகாரில் ஒருவர், தன் கழிப்பறையை அண்டை வீட்டார் பயன்படுத்தக்கூடாது என்று வழியில் மின்கம்பி வைத்தார். அண்டை வீட்டுப் பெண் இறந்தாள். அத்துமீறி வந்தவளுக்கு நான் பொறுப்பா என்ற அவர் வாதத்தை 1960-களில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறி வந்தவர் என்பதற்காக யாரும் சட்டத்தின் பாதுகாப்பை இழப்பதில்லை என்றது. அன்று தண்டித்தது அஜாக்கிரதைப் பிரிவில். இன்றோ, ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரர் அந்தக் கம்பியில் சிக்கி இறந்தால், சாவு நேரலாம் என்று தெரிந்தே செய்தது என்று போலீசார் 105 போடுவதும் நடக்கிறது. பன்றிக்குத்தான் வைத்தேன் என்பது, எண்ணம் இல்லை என்பதற்கு மட்டுமே பதில். கரண்ட் மனிதரையும் கொல்லும் என்று தெரியாதா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

‘பஞ்சாயத்தில் பேசி முடித்துக்கொண்டோம்’

103, 105, 106 எதுவும் சமாதானமாகப் போய் முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் இல்லை. வழக்கு அரசு நடத்துவது. செத்தவர் வீட்டார் பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டாலும் கோர்ட்டுக்கு அது கட்டளை ஆகாது. இதன் மறுபக்கமும் ஒன்று தெரிந்துகொள்ளலாம்: விபத்து இழப்பீட்டுக்கான தீர்ப்பாய வழக்கு தனி. கிரிமினல் கோர்ட் டிரைவரை விடுதலை செய்துவிட்டது என்பதற்காக மட்டும் அந்தப் பணம் கைவிட்டுப் போகாது.